நானூறு கேழ்வரகு மாதிரிகளின் பண்புகளை எந்த வழியில் பதிவது?

பெங்களூரில் வாழும் தமிழர்கள் சிலரும் ஒசூர்ப் பக்கத்து விவசாயிகள் சிலரும் சேர்ந்து நடத்தும் எங்கள் விதைக் குழுவிடம் இப்போது ஏறத்தாழ நானூறு கேழ்வரகு மாதிரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஆனேக்கல், கனகபுரா வட்டாரங்களிலிருந்து வந்தவை. ஒரு சிறு பங்கு கொல்லிமலையிலிருந்து வந்தது. சேகரிப்பு எண், ஊர், ஆண்டு, விதை கொடுத்தவர் சொன்ன பெயர் ஆகியவை பதிவேட்டில் உள்ளன. விதை வங்கிக்காரர்கள் பாஸ்போர்ட் தரவு என்று அழைக்கும் இந்த அடையாளக் குறிப்புகளுக்கு மேல் எங்களிடம் எதுவும் இல்லை. நூறு நாளுக்குள் முற்ற வேண்டும், கதிரைப் பதராக்கும் குலைநோயைத் தாங்க வேண்டும், மாட்டுக்குத் தாளும் கிடைக்க வேண்டும், அப்படி ஒரு ரகம் உண்டா என்று ஒரு விவசாயி கேட்டால், நானூறு உறைகளையும் அவர் முன் பரப்பி வைப்பதைத் தவிர வேறெதையும் எங்களால் செய்ய இயலாது.

வரும் ஆடிப்பட்டத்தில் இந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்குவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. எந்த வழியில் என்பதில்தான் கருத்து வேறுபாடு. கையில் உள்ள பணமும் ஆட்களும் ஒரு வழியை ஒழுங்காகச் செய்து முடிக்கப் போதும். மூன்று வழிகளை அரைகுறையாகச் செய்தால் எதற்கும் உதவாத தாள்கள்தான் மிஞ்சும். ஆகவே முன்வைக்கப்பட்ட வழிகள் ஒவ்வொன்றும் எதைத் தரும், எதைத் தராது என்று எழுதிப் பார்ப்பது அவசியமாகிறது. இதே நிலையில் இருக்கும் பிற விதைக் குழுக்களுக்கும் இது பயன்படலாம்.

பெரிய விதை வங்கிகளுக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. டெல்லி பூசா வளாகத்தில் உள்ள தேசியத் தாவர மரபணு வளப் பணியகம், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்கிறது. உலகெங்கும் உள்ள விதை வங்கிகளின் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் ஜெனிசிஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான மாதிரிகளுக்கு ஊரும் பெயரும் கிடைக்கின்றன. செடி எப்படி வளரும், எந்த நோயைத் தாங்கும் என்ற விவரம் அவற்றில் ஒரு பகுதிக்கே உண்டு. விதையைச் சேர்ப்பதற்கும் காப்பதற்கும் கிடைத்த கவனம், அதை விதைத்துப் பார்த்துக் குறித்து வைப்பதற்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கவனம் கிடைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு நெல்லில் இரண்டு சான்றுகள் உண்டு. புல்தழைக் குட்டை நச்சுயிரி ஆசிய நெல் வயல்களை அழித்தபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில் எதிர்ப்புத் திறன் கிடைத்தது. பிற்காலத்தில் கோடிக்கணக்கான ஏக்கரில் பரவிய ஐ.ஆர்.-36 ரகம் அந்தத் திறனைப் பெற்றது இப்படித்தான். இரண்டாவது சான்று, ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் அதன் பண்பு, பின்னாளில் ஸ்வர்ணா-சப்1 என்ற ரகமாக 2009இல் இந்திய விவசாயிகளின் கைக்கு வந்தது. இரண்டு விதைகளும் சேமிப்பில் இருந்ததால் மட்டும் பயன்பட்டுவிடவில்லை. யாரோ ஒருவர் அவற்றைப் பிறவற்றோடு வரிசையில் நட்டு, வேறுபாட்டைக் கண்டு, எழுதி வைத்ததால் பயன்பட்டன.

எங்கள் முன் வைக்கப்பட்ட வழிகளில் சிலவற்றைச் சுருக்கமாகவே சொல்லி நகரலாம்.

தொகுப்பைப் பணியகத்திடமோ வேளாண் பல்கலைக்கழகத்திடமோ ஒப்படைத்துவிட்டு, மதிப்பீட்டை அவர்கள் பொறுப்பில் விடலாம் என்பது ஒரு கருத்து. ஒப்படைப்பது பாதுகாப்புக்கு மிக நல்லது, மாதிரிக்கு ஐ.சி. என்று தொடங்கும் தேசிய எண்ணும் கிடைக்கும். ஆனால் லட்சக்கணக்கான மாதிரிகளுக்கு நடுவே எங்களுடையவை எந்த ஆண்டு வயலுக்குப் போகும் என்பது அவர்களுடைய திட்டத்தைப் பொறுத்தது. எங்கள் பகுதி விவசாயி கேட்கும் கேள்விக்கு ஏற்ற பண்புகள்தான் பதியப்படும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பாதுகாப்பு நகலை அங்கே வைத்துவிட்டு, மதிப்பீட்டை நாங்களே செய்வதே பொருத்தம்.

இரண்டாவது, மரபணுக் குறியீடுகளைப் படிப்பது. குழுவில் மென்பொருள் துறையில் உள்ள இளைஞர்கள் இதை விரும்புகிறார்கள். அவர்களது ஆர்வத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எம்.எல்.-365 என்ற கேழ்வரகு ரகத்தின் முழு மரபணு வரிசையை 2017இல் வெளியிட்ட ஆய்வுக் குழு இதே பெங்களூரின் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஒரே விதை இரண்டு ஊரில் இரண்டு பெயரோடு இருக்கிறதா என்பதை டி.என்.ஏ. சோதனை தெளிவாகக் காட்டும். ஆனால் எங்கள் மாதிரிகள் தூய ரகங்கள் அல்ல. கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் விளைவது. அதனால் ஒரு விவசாயியின் வீட்டு விதை என்பது, ஒன்றையொன்று ஒத்த பல தனி மரபு வரிசைகள் கலந்து வாழும் ஒரு கூட்டம். ஒரு செடியின் இலையை எடுத்துச் சோதித்தால் அந்தக் கூட்டத்தின் ஓர் உறுப்பினரைத்தான் அறிவோம். அதைவிட முக்கியமானது, மரபணு வரிசையைக் கொண்டு பண்பைக் கணிக்க வேண்டுமானால், முதலில் சில நூறு மாதிரிகளுக்காவது வயலில் அளந்த பண்பு கையில் இருக்க வேண்டும். அது இல்லாதபோது இந்த வழி இரண்டாம் படியாக இருக்கலாம். முதற்படியாக இருக்க இயலாது.

மூன்றாவது, படம் பிடித்து அளப்பது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் 2017இல் திறக்கப்பட்ட நானாஜி தேஷ்முக் தாவரப் பண்பளவீட்டு மையம் போன்ற இடங்களில், செடிகள் நகரும் பட்டையில் ஏறி கேமராக்களின் முன்னால் செல்கின்றன. எங்களுக்கு அந்த வசதி எட்டாதது. கைபேசியால் கதிரைப் படம் எடுத்து வைப்பது வேறு விஷயம். அதை எந்த வழியைத் தேர்ந்தாலும் செய்தாக வேண்டும். அளவுகோலும் நிற அட்டையும் படத்துக்குள் தெரிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இடத்தைக் கொண்டு விதையைத் தேர்வது

நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்தமானது; ஆயினும் எங்களுக்குப் பொருந்தாது. ஒரு விதை எந்தச் சூழலில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததோ, அந்தச் சூழலின் நெருக்கடியைத் தாங்கும் பண்பு அதில் திரண்டிருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஃபிக்ஸ் என்று அழைப்பார்கள். சேகரித்த இடத்தின் மழை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை வைத்து, எந்த மாதிரிகளில் வேண்டிய பண்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று முதலில் கணித்து, அவற்றை மட்டும் வயலுக்குக் கொண்டுபோவார்கள். கோதுமையில் சாம்பல் நோய்க்காக இதைச் செய்தபோது, 16,089 நாட்டு ரக மாதிரிகளிலிருந்து 1,320 மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டன, அவற்றிலிருந்து பி.எம்.3 என்ற எதிர்ப்பு மரபணுவின் புதிய வடிவங்கள் ஏழு கண்டறியப்பட்டு, 2009இல் வெளியாயின. அதுவரை பல்லாண்டு உழைப்பில் அறிந்திருந்த வடிவங்கள் மிகச் சிலவே என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய பேறு என்பது விளங்கும்.

ஆனால் இந்த வழிக்கு உயிர்நாடி, சேகரித்த இடத்தின் துல்லியமான குறிப்பு. எங்கள் பதிவேட்டில் கணிசமான மாதிரிகளுக்கு நேராக ‘தேன்கனிக்கோட்டை சந்தை’ என்றுதான் எழுதியிருக்கிறது. சந்தைக்கு அந்த விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது, மேட்டு நிலமா, ஏரிப் பாசனமா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. மேலும் எங்கள் சேகரிப்பின் பரப்பு சிறியது. தளிக்கும் கனகபுராவுக்கும் இடையே உள்ள தட்பவெப்ப வேறுபாட்டை வைத்துப் பிரித்தறிய அதிகம் இல்லை. இனிச் சேகரிக்கும் விதைக்காவது நிலத்தின் வகையையும் இடக் குறியீட்டையும் எழுதி வைத்தால், பத்தாண்டு கழித்து இந்த வழி திறக்கும்.

சிறு தொகுப்பா, முழுத் தொகுப்பா?

உண்மையான போட்டி மூன்று வழிகளுக்கு இடையேதான். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை: நானூறில் நாற்பதைப் பொறுக்கி, அவற்றில் பல பண்புகளை ஆழமாக அளப்பதா, நானூறையும் நட்டு, சில பண்புகளை மட்டும் அளப்பதா?

பொறுக்கி எடுப்பதற்கு வலுவான மரபு உண்டு. ஆஸ்திரேலிய அறிஞர் ஓட்டோ ஃபிராங்கல் 1984இல், ஒரு பயிரின் மரபு வேறுபாட்டில் பெரும்பகுதியை உள்ளகத் தொகுப்பு என்ற ஒரு சிறு தொகுப்புக்குள் அடக்கிவிடலாம் என்று முன்மொழிந்தார். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது வழக்காயிற்று. ஹைதராபாத் அருகே படான்சேருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், கேழ்வரகில் 5,940 மாதிரிகளிலிருந்து 622 மாதிரிகள் கொண்ட உள்ளகத் தொகுப்பை 2006இல் அமைத்தது. பின்னர் அதிலிருந்து 80 மாதிரிகள் கொண்ட குறுந்தொகுப்பை உருவாக்கியது. கொண்டைக்கடலையில் 16,991 மாதிரிகள் 1,956 ஆகி, பிறகு 211 ஆயின. ஒரு நோய்க்கூடத்திலோ வறட்சிக் கொட்டகையிலோ ஆயிரக்கணக்கான மாதிரிகளை வைத்துச் சோதிக்க முடியாத ஆய்வாளருக்கு இது பெரும் உதவி. இந்தக் குறுந்தொகுப்புகளால் பயிர் மேம்பாட்டுக்கு வந்த நன்மையை யாரும் மறுக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இது இப்போது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். இக்ரிசாட் பொறுக்கியது கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சேகரித்த நாட்டையும், மாதிரிகள் அனைத்திலும் முன்பே வயலில் அளந்து வைத்திருந்த பண்புகளையும் கொண்டுதான் பொறுக்கியது. தேசியப் பணியகம் கோதுமைக்குச் செய்ததும் அதுவே: 2011–12 ரபி பருவத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம் மாதிரிகளை ஹிசாரில் ஒரே பண்ணையில் விதைத்துப் பண்புகளைப் பதிந்தார்கள், அந்தப் பதிவுகளை வைத்தே பிறகு உள்ளகத் தொகுப்பு பிறந்தது. அதாவது பொறுக்குவதற்குத் தேவையான தரவே எங்களிடம் இல்லாத பொருள். பெயரை வைத்துப் பொறுக்கலாமே என்று கேட்கலாம். கொல்லிமலையில் பெருங்கேழ்வரகு, சட்டைக் கேழ்வரகு, சுண்டங்கிக் கேழ்வரகு, காரக்கேழ்வரகு என்று தெளிவாகப் பிரித்துச் சொல்வார்கள். எங்கள் எல்லைப்புற ஊர்களிலோ பல உறைகளின் மேல் ‘நாட்டு ராகி’ என்ற ஒரே பெயர்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. உள்ளகத் தொகுப்பு என்பது பரவலாகக் காணப்படும் வேறுபாட்டைப் பிடிக்க அமைந்தது. அரிய ஒன்று எங்கோ ஓர் உறையில் மட்டும் இருந்தால், பத்தில் ஒன்றை எடுக்கும் தேர்வில் அது விடுபடுவதற்கே வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன காட்டு நெல்லையே எடுத்துக்கொள்வோம்: ஆறாயிரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சோதித்திருந்தால், அந்த ஒரு மாதிரி அந்த அறுநூறுக்குள் இருந்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி? விவசாயிகளின் வீட்டு விதையைத் தேடித் தேடிச் சேர்த்த ஒரு சிறிய குழுவின் தனிமதிப்பு, வேறெங்கும் இல்லாத ஏதோ ஒன்று இதில் இருக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே பத்தில் ஒன்பதை அலமாரிக்குள் திருப்பி வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

முழுத் தொகுப்பையும் நடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் செலவு. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை வெவ்வேறு இடத்தில் நட்டு ஒப்பிடுவதென்றால் ஆயிரத்து இருநூறு பாத்திகள் தேவைப்படும். அது நிச்சயம் எங்கள் சக்திக்கு மீறியது. ஆனால் அப்படிச் செய்யத் தேவையில்லை. வால்டர் ஃபெடரர் என்ற புள்ளியியலாளர் 1956இல், ஹவாய்த் தீவுகளின் கரும்பு ஆய்வாளர்களுக்கு எழுதிய கட்டுரையில், ஆக்மென்டட் வடிவமைப்பு என்று இன்று அழைக்கப்படும் முறையை விளக்கினார். புதிய மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் நடப்படும். நன்கு அறிந்த சில ஒப்பீட்டு ரகங்கள் மட்டும் வயலின் ஒவ்வொரு பகுதியிலும் திரும்பத் திரும்ப நடப்படும். ஒப்பீட்டு ரகம் ஒரு பகுதியில் உயரமாகவும் மற்றொரு பகுதியில் குட்டையாகவும் வளர்ந்தால், அது மண்ணின் வேறுபாடு என்று அறிந்து, அந்தப் பகுதியில் உள்ள எல்லா மாதிரிகளின் அளவையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் கணக்கு இப்படி வருகிறது. நானூறு மாதிரிகளைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்தால் பகுதிக்கு நாற்பது மாதிரி, நான்கு ஒப்பீட்டு ரகம். மொத்தம் 440 பாத்திகள். பாத்திக்கு மூன்று மீட்டர் நீளத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு இடையே 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். பயிர் நிற்கும் பரப்பு 792 சதுர மீட்டர். நடைபாதைகளையும் குறுகலாக வைத்தால் 25 சென்ட் நிலத்துக்குள், அதாவது ஆனேக்கல் பக்கம் சொல்லும் கணக்கில் பத்துக் குண்டேக்குள் அடங்கும். பிழையை மதிப்பிடுவதற்கான சுதந்திரப் படிகள், அதாவது அந்த மதிப்பீட்டுக்குக் கையில் உள்ள தனித்தனி ஒப்பீடுகளின் எண்ணிக்கை, பகுதிகளில் ஒன்று குறைத்து, ஒப்பீட்டு ரகங்களில் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 27 வருகிறது. பன்னிரண்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பது வழக்கமான அறிவுரை. ஒப்பீட்டு ரகங்களாக ஜி.பி.யூ.-28, எம்.எல்.-365, எம்.ஆர்.-6 ஆகிய மூன்றையும், தமிழ்நாட்டுப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த பையூர்-2ஐயும் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்த வழிக்கு ஆதரவாக ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. சேமிப்பில் உள்ள விதையின் முளைப்புத் திறன் காலப்போக்கில் குறையும்; உணவு வேளாண் அமைப்பு வகுத்த விதை வங்கித் தர நெறிகள், அது தொடக்க அளவில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போகும் முன் விதையைப் புதுப்பிக்கச் சொல்கின்றன. எங்களுடைய பழைய உறைகள் எப்படியும் விரைவில் வயலுக்குப் போக வேண்டியவை. விதையைப் பெருக்குவதற்கு நடும் அதே பயிரில் பண்பையும் பதிந்துகொண்டால், உழவும் நடவும் களையும் ஒரே செலவு. பெரும்பாலான விதை வங்கிகள் பண்புப் பதிவைச் செய்வது இப்படித்தான்.

எதை அளப்பது, எதை அளக்கக் கூடாது

ஒரே பருவம், ஒரே இடம், ஒரே பாத்தி என்ற எல்லைக்குள் எல்லாப் பண்பையும் நம்பிவிட முடியாது. பூக்கும் நாள், செடி உயரம், கதிரின் வடிவம், விரல்களின் எண்ணிக்கையும் நீளமும், கணுவின் நிறம், மணியின் நிறம், ஆயிரம் மணி எடை ஆகியவை பெரும்பாலும் மரபால் தீர்மானிக்கப்படுபவை. ஒருமுறை ஒழுங்காக அளந்தால் ஓரளவு நம்பலாம். இரண்டு வரிசையிலிருந்து கிடைக்கும் மகசூலை ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்று பெருக்கிச் சொல்வது நேர்மையானதல்ல. எடையைக் குறித்து வைக்கலாம். அதைக் கொண்டு ரகங்களைத் தரவரிசைப்படுத்தக் கூடாது.

எளிமையாகத் தெரியும் பண்பிலும் வரையறை வேண்டும். பூக்கும் நாளை எங்கிருந்து எண்ணுவது? நம் பகுதியில் நாற்று விட்டு நடுபவரும் உண்டு, நேரடியாக விதைப்பவரும் உண்டு. ஒருவர் நாற்றங்காலில் விதை விழுந்த நாளிலிருந்தும் மற்றவர் நடவு நாளிலிருந்தும் எண்ணினால், மூன்று வார வேறுபாடு செடியின் பண்பாகப் பதிவேட்டில் நுழைந்துவிடும். 1985இல் சர்வதேசத் தாவர மரபணு வள வாரியம் கேழ்வரகுக்கென்று வெளியிட்ட பண்பு விளக்கப் பட்டியலில், முதன்மைத் தூர்களில் பாதியில் கதிர் வெளிவரும் நாளை விதைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று இருக்கிறது. கதிரின் வடிவத்துக்கும் அதில் தொங்கும் கதிர், விரிந்த கதிர், பாதி மூடியது, மூடியது, கைமுட்டி போல் இறுகியது என்ற படிகள் உண்டு. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. நாங்களே புதிதாக அளவை வகுத்தால், எங்கள் பதிவை வேறு எவருடைய பதிவோடும் ஒப்பிட முடியாமல் போகும்.

குலைநோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விவசாயிகள் முதலில் கேட்பது அதையே. கழுத்துக் குலைநோய் என்றால் கதிருக்குச் சற்றுக் கீழே தண்டு கறுத்துச் சுருங்கி, மேலே உள்ள கதிர் முழுதும் பதராகி நிற்கும்; விரல் குலைநோயில் விரலின் நுனியிலிருந்து பழுப்பு ஏறிக் கீழே இறங்கும். பாத்தியில் உள்ள கதிர்களை எண்ணி, அவற்றில் எத்தனை தாக்கப்பட்டவை என்று விழுக்காடாக எழுதுவது கடினமல்ல. அதன் பொருளைச் சரியாகப் படிப்பதுதான் கடினம். முன்கூட்டியே கதிர்விடும் மாதிரி, நோய்க்கு ஏற்ற ஈரமான நாட்கள் வரும் முன்பே முற்றிவிட்டால், எதிர்ப்புத் திறன் எதுவும் இல்லாமலே நோயற்றதாகத் தெரியும். அது தாங்கியது அன்று, தப்பியது. ஆகவே நோய்ப் பதிவைப் பூக்கும் நாளோடு சேர்த்தே படிக்க வேண்டும். நோய் வயல் முழுவதும் சமமாகப் பரவ, உடுரு மல்லிகே என்ற, எளிதில் நோய் வாங்கும் கர்நாடக நாட்டு ரகத்தை ஆய்வு நிலையங்களில் இடையிடையே நடுவார்கள். விதை பெருக்கும் வயலிலேயே இதைச் செய்வது தவறாகும். நோயுற்ற விதையைச் சேமிப்பில் வைக்க நேரும். தாங்கியதா தப்பியதா என்று ஐயம் எழும் நல்ல மாதிரிகளை மட்டும் அடுத்த ஆண்டு தனிப் பாத்தியில் நோய்க்கு உட்படுத்திப் பார்ப்பதே முறை.

பதிவு செய்வதற்குத் தாள் நோட்டும் உண்டு, ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஃபீல்டு புக் என்ற செயலியும் உண்டு. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான இந்தச் செயலியில், பாத்தியின் எண்ணைப் பட்டைக் குறியீட்டால் படித்துவிட்டு மதிப்பை இட்டால் போதும். நடக்க முடியாத எண் வந்தால் எச்சரிக்கும்படியும் அமைக்கலாம். எங்கள் இளைஞர்களின் திறமை இங்கே பெரும் பயன் தரும்.

விவசாயியின் வயலில் ஒப்பிடுவது

எஞ்சியுள்ள வழியை எங்கள் குழுவின் விவசாயிகள் வலியுறுத்துகிறார்கள். பண்ணையில் அளந்ததை வைத்து என்ன செய்வது, என் மண்ணில் என்ன ஆகும் என்று சொல்லுங்கள் என்பது அவர்களுடைய நியாயமான கேள்வி. இதற்கென்று டிரைகாட் என்ற முறை இருக்கிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் பெயர் சொல்லாமல் மூன்று விதைப் பொட்டலங்கள் தரப்படும். அவர் தன் வயலில் தன் வழக்கப்படி வளர்த்து, மூன்றில் எது சிறந்தது, எது மோசமானது என்று மட்டும் சொன்னால் போதும். அளவு நாடாவோ தராசோ தேவையில்லை. பலருடைய விடைகளைச் சேர்த்துப் புள்ளியியல் முறையில் வரிசைப்படுத்துவார்கள். நிகரகுவா, எத்தியோப்பியா, இந்தியா ஆகிய நாடுகளில் விவசாயிகளின் 12,409 பாத்திகளிலிருந்து இப்படித் திரட்டிய ஆய்வு 2019இல் வெளியானது. எந்தப் பருவநிலைக்கு எந்த ரகம் என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தரவு பயன்பட்டது.

இந்த வழி காட்டும் சில பண்புகளை எந்தப் பட்டியலிலும் காண முடியாது. களி கிண்டும்போது மாவு எவ்வளவு நீர் பிடிக்கிறது, ஆறிய பிறகு கல்லாகிறதா, தாளை மாடு விரும்பித் தின்கிறதா, ஐப்பசி மழையில் இறுகிய கதிர் நீர் கோத்துக்கொள்கிறதா என்பவையெல்லாம் வீட்டிலும் தொழுவத்திலும் களத்திலும் தெரிபவை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூத்த விவசாயி ஒருவர் காய்ந்த கதிரை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை கசக்கி, ஊதி, உமி பறந்த பின் மிஞ்சிய மணிகளைப் பார்த்துவிட்டு, இது அடிக்க லேசு, ஆனால் காட்டிலேயே கொட்டும் என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிய அறிவைப் பதிய, எங்கள் படிவத்தில் அப்போது கட்டமே இல்லை.

ஆனால் எண்ணிக்கை இங்கே தடையாக நிற்கிறது. நூற்றிருபது விவசாயிகள் முன்வந்தால் மொத்தம் 360 பாத்திகள். நானூறு மாதிரிகளை அதில் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வைகூட முழுதாகக் கிடைக்காது. இருபத்து நான்கு மாதிரிகளை மட்டும் தந்தால் ஒவ்வொன்றையும் பதினைந்து பேர் தம் நிலத்தில் பார்த்திருப்பார்கள். அந்த வரிசைக்கு மதிப்பு உண்டு. மேலும் சில கிராம் விதை மட்டுமே உள்ள உறையிலிருந்து பதினைந்து பேருக்குப் பிரித்துத் தர இயலாது; முதலில் பெருக்கியாக வேண்டும். ஆகவே இந்த வழி இரண்டாம் ஆண்டுக்கு உரியது. அந்த இருபத்து நான்கைத் தேர்வதற்கு முதலாண்டின் முழு வயல் பதிவு தேவை.

என் தேர்வு இதிலிருந்து தெளிவாகும். வரும் ஆடிப்பட்டத்தில் நானூறையும் ஆனேக்கல் நிலத்தில் நட்டு, பன்னிரண்டுக்கு மேற்படாத பண்புகளை ஒழுங்காகப் பதிவது. கிடைக்கும் புதிய விதையில் ஒரு பங்கைத் தேசியப் பணியகத்துக்குப் பாதுகாப்பு நகலாக அனுப்புவது. அடுத்த ஆண்டு, வெவ்வேறு வயதும் கதிர் வடிவமும் கொண்ட இருபத்து நான்கை விவசாயிகளின் கையில் தருவது. எந்த இருபத்து நான்கு என்பதைக் குழுவின் பெங்களூர்க்காரர்கள் மட்டும் முடிவு செய்யக் கூடாது. பயிர் முற்றும் வாரத்தில் விவசாயிகளை வயலுக்கு அழைத்து, அவர்களும் பாத்திகளில் அடையாளக் கயிறு கட்டட்டும். டி.என்.ஏ. சோதனையை, வயலில் ஒன்றுபோலத் தெரியும் மாதிரிகளுக்கு மட்டும், பணம் கிடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம். பகல் நீளம் குறையும்போது பூக்கும் இயல்பு கேழ்வரகுக்கு உண்டு. ஆடியில் நட்டு எழுதிய பூக்கும் நாள், கோடைப் பாசனப் பயிருக்குப் பொருந்தாது. இதைப் பதிவின் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும்.

இந்த வழியிலும் ஓர் இடர் உண்டு. அந்தப் பருவத்தில் மழை பொய்த்தாலோ, கதிர் முற்றும் நேரத்தில் வயல் நீரில் நின்றாலோ, நானூறின் பதிவும் ஒருசேரக் கெடும். அதற்காகத்தான் ஒவ்வொரு உறையிலும் பாதி விதையை எடுக்காமல் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். சில கிராம்களே உள்ள உறைகளுக்கு அந்தப் பாதி என்பது மிகச் சிறிய அளவுதான். ஆனாலும் கேழ்வரகில் ஆயிரம் மணி இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும் என்பதால், இரண்டு வரிசைக்கு வேண்டிய அறுபது நாற்றுக்கு அது தாராளம்.

விதைப்புக்கு முன் முடிக்க வேண்டிய ஒரு வேலை தாளில் இருக்கிறது. பண்பு எழுதப்படாத விதையை யாரும் தேடி வருவதில்லை. எழுதி வெளியிட்ட பிறகு வருவார்கள். 2001ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயி தன் பாரம்பரிய ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள இடம் தருகிறது. அதற்கான விண்ணப்பத்தில் நாங்கள் அளக்கப்போகும் இதே பண்புகள் கேட்கப்படும். ஆகவே விதை கொடுத்தவர்களிடம், இந்தப் பதிவு பொதுவில் வரலாமா, தங்கள் ஊர்ப் பெயரோடு வரலாமா, பதிவு செய்துகொள்ள விரும்புகிறார்களா என்று தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்ட படிவத்தைப் படித்துக்காட்டிக் கேட்டு, விடையைச் சேகரிப்பு எண்ணுக்கு நேராகக் குறிக்க வேண்டும். சந்தையில் வாங்கிய மாதிரிகளுக்குக் கேட்க ஆள் இல்லை. அவற்றின் பதிவை அந்தந்த வட்டாரத்தின் பொதுச் சொத்தாகக் கருதி, அங்குள்ள விவசாயிகள் கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பின்னரே வெளியிடலாம் என்பது என் கருத்து. ஒப்பீட்டு ரகங்களின் விதைக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டால், படிவ வேலை முடியும் போது நாற்றங்காலும் தயாராகிவிடும்.